கைடு மட்டும் போதுமா?

கல்லூரியில் புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியர்கள் பெரும்பாலும் தங்கள் பிஎச்.டி. கைடையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தெரிந்த முகம், கூப்பிட்டால் போன் எடுப்பார். ஆனால் அவருக்கு நீங்கள் கடைசிவரை மாணவர்தான். கட்டுரையைத் திருத்தவும் சிபாரிசுக் கடிதம் வாங்கவும் அவரிடம் போங்கள். பின்வரிசைப் பையன்கள் பாடத்தைக் கவனிப்பதில்லை என்ற கவலைக்கு அவரிடம் மருந்து இருக்காது.

அதற்கு உங்கள் கல்லூரியிலேயே ஐந்தாறு வருடம் மூத்தவர் ஒருவர் வேண்டும். துறைத் தலைவர் வேண்டாம். லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுகிறவரிடம் "இந்த பேப்பரை நடத்த எனக்கு வரவில்லை" என்று எப்படிச் சொல்வீர்கள்? பக்கத்துத் துறைக்காரர் என்றால் இன்னும் நல்லது. உங்கள் பதவி உயர்வில் அவருக்குப் போட்டியும் இல்லை, பங்கும் இல்லை.

ஓரியண்டேஷன் கோர்ஸைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே எழாது. யுஜிசியின் 2018 விதிகளின்படி முதல் பதவி உயர்வுக்கு 21 நாள் ஓரியண்டேஷன் முடித்திருக்க வேண்டும். எப்படியும் போகத்தான் போகிறீர்கள். அங்கே கேட்கும் உரைகளைவிட, டீ இடைவேளையில் கிடைக்கும் வெளியூர் நண்பர்கள் நீண்ட நாள் உதவுவார்கள்.

சம்பளப் பாக்கி, பணிப் பாதுகாப்பு என்று வந்தால் ஏ.யூ.டி., மூட்டா போன்ற ஆசிரியர் சங்கங்கள்தான். ஆராய்ச்சிக்கு அங்கே வழி கேட்காதீர்கள்.

புதியவர்கள் அதிகம் அலட்சியப்படுத்துவது பாடம் சார்ந்த கழகங்களை. சந்தா கட்டி என்ன கிடைக்கும் என்பார்கள். 1910-இல் ராமானுஜன் நோட்டுப் புத்தகத்தோடு வேலை கேட்டுப் போனது திருக்கோவிலூரில் துணை கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரிடம். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தொடங்கியவர் அவர்தான். வேலை கொடுக்கவில்லை, சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். 1911-இல் ராமானுஜனின் முதல் கட்டுரை வெளிவந்தது அந்தக் கழகத்தின் இதழில்தான். அப்போது ராமானுஜனுக்குக் கைடும் இல்லை, பட்டமும் இல்லை.

என்னைக் கேட்டால் முதல் வருடம் பக்கத்துத் துறை மூத்தவர், இரண்டாம் வருடம் கழக உறுப்பினர் அட்டை. அறிவியல் ஆசிரியர்களுக்கு இன்னொரு செய்தி: மூன்று தேசிய அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டம் மாணவர்களுக்கு மட்டுமானதல்ல, இரண்டு மாதம் வேறொரு ஆய்வகத்தில் வேலை பார்க்க ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம்.