இருதய சத்திரசிகிச்சைக்குப் பின் நெஞ்சுக்காயம்

இருதய சத்திரசிகிச்சை முடிந்து நோயாளி வீடு திரும்பிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டதென்றே குடும்பத்தார் எண்ணுகின்றனர். பெரும்பாலானோருக்கு அது சரியே. ஆயினும் இச்சிகிச்சையின் கொடிய பின்விளைவுகளுள் ஒன்றான நெஞ்சறைக் கிருமித்தொற்று, பல வேளைகளில் வீட்டிற்கு வந்த பின்னரே தலைகாட்டுகின்றது. நூற்றுக்கு ஒருவர் இருவருக்கே இது நேர்கின்றது; நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

இருதயத்தை அடைவதற்கு வைத்தியர்கள் நடுமார்பெலும்பை மேலிருந்து கீழாக அறுத்துத் திறக்கின்றனர். 1957ஆம் ஆண்டில் அமெரிக்க சத்திரவைத்தியர் யூலியனும் அவரது துணைவரும் இதன் பயனை எடுத்துக்காட்டிய பின் இம்முறை எங்கும் பரவியது. வேலை முடிந்ததும் எலும்பின் இரு பாதிகளையும் துருப்பிடியாத உருக்குக் கம்பியால் இறுக்கிக் கட்டுவர். மேல்தோல் இரண்டு மூன்று கிழமையில் மூடிவிடும். எலும்பு பொருந்தவோ ஆறு முதல் எட்டுக் கிழமை வேண்டும். சிலருக்கு மூன்று மாதமும் செல்லும். தோலைப் பார்த்து எலும்பை மதிப்பிடுவதிலேதான் நாம் ஏமாறுகின்றோம். எலும்பு பொருந்தாமல் அசைந்துகொண்டிருந்தால் கிருமி உள்ளே இறங்க வழி கிடைக்கின்றது.

இக்கிருமி பெரும்பாலும் எங்கிருந்தோ வருவதன்று. நமது தோலிலும் மூக்குத் துவாரத்திலும் வாழும் ஸ்ரபிலோகொக்கஸ் இனமே முதற் குற்றவாளி. சிகிச்சைக்கு முன் கிருமிகொல்லிச் சவர்க்காரத்தால் குளிக்கச் சொல்வதும், சில இடங்களில் மூக்கினுள் களிம்பு பூசுவதும் இதனாலேயே. நீரிழிவு, உடற்பருமன், புகைத்தல் ஆகியன ஆபத்தைக் கூட்டுகின்றன. சிகிச்சையை அடுத்த நாட்களில் இரத்தத்தில் சீனி ஏறவிடலாகாது. ஆகவே நோயாளியைப் பார்க்கச் செல்வோர் இனிப்புப் பெட்டியை வீட்டில் விட்டுச் செல்வதே அன்பு.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை எவை? காய்ச்சல், காயம் சிவத்தல், நீரோ சீழோ கசிதல், தணிந்திருந்த நோவு மறுபடி கூடுதல், இருமும்போது எலும்பு ‘கடக்’கென்று அசைதல். மேலே காயம் அழகாக இருந்தும் உள்ளே சீழ் கட்டுவதுண்டு. இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அன்றே சத்திரசிகிச்சை செய்த வைத்தியசாலைக்கு அறிவியுங்கள். மஞ்சளோ எண்ணெயோ, எவ்வளவு நல்ல மனத்தோடு ஒருவர் கொண்டுவந்ததாயினும், காயத்தில் படலாகாது. வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்ரிபயோட்டிக் குளிசைகளைக் கொடுப்பது அதனினும் தீது. காய்ச்சலை மறைத்து, எந்தக் கிருமியென்று கண்டறிவதையும் கடினமாக்கிவிடும்.

தொற்று உறுதியானால் பெரும்பாலும் நெஞ்சை மீண்டும் திறந்து, அழுகிய பகுதியை அகற்றுவர். கசிவை இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்துப் புண்ணைச் சுத்தமாக்கும் முறையும் இன்று உண்டு. தேவையானால் மார்புத் தசையையோ வயிற்றின் கொழுப்புப் படலத்தையோ திருப்பி வைத்து வெற்றிடத்தை மூடுவர். மருந்து பல கிழமை தொடரும்.

எலும்பு பொருந்தும் வரை கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும், சைக்கிள் ஓடுவதும், பேரப்பிள்ளையைத் தூக்குவதும் வேண்டாம். கட்டிலிலிருந்து எழும்பும்போது கைகளை ஊன்றி உந்தாமல், ஒருவர் முதுகில் தாங்கிவிடட்டும். இருமல் வந்தால் தலையணையொன்றை மார்போடு இறுக அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். எலும்பின் இரு பாதியும் விலகாதிருக்க அது உதவும்.