போனது ஒரு கார், வந்தது வேறு கார்

இனயம் கடற்கரையில் ஏலம் போன மீன் திரும்பி வருவதில்லை. வாங்குபவர் கண்ணால் பார்த்துக் கேட்டு, கையோடு எடுத்துப் போய்விடுவார். அதே ஊரில் வீட்டு அறையிலிருந்து ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களை ஆன்லைனில் விற்பவருக்கு அந்த நிம்மதி இல்லை. பார்சல் போய்ச் சேர்ந்த பிறகும், ரிட்டர்ன் கெடு முடியும்வரை வியாபாரம் முடிந்த கணக்கில்லை.

சேகரிப்புப் பொம்மையில் ஆள்மாறாட்டம் சுலபம். 1968 முதல் வரும் ஹாட் வீல்ஸில் சாதாரணக் காரும் அரிய காரும் கைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். விலைதான் மலைக்கும் மடுவுக்கும். 2007 முதல் வரும் சூப்பர் ட்ரெஷர் ஹன்ட் காருக்குப் பளபளக்கும் தனிப் பெயின்ட், ரப்பர் டயர். வாங்கிய சிலர், அட்டைமேல் காரை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கூடான பிளிஸ்டரின் அடியைப் பிளேடால் கீறி, அரிய காரை எடுத்துக்கொண்டு சாதாரணக் காரை உள்ளே தள்ளி, பசை போட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். பழைய ஜி.ஐ. ஜோ வீரர் பொம்மை என்றால் வேறு தந்திரம். எம்.ஆர்.எஃப்பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் செய்த அந்த வீரர்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடுகிறார்கள். வீரன் திரும்பி வருவான், துப்பாக்கி வராது.

ஒரு காருக்கு 150 ரூபாய் லாபம் என்று வையுங்கள். 1,500 ரூபாய் அடக்கத்தில் ஒரு கார் இப்படிப் போனால், பத்து கார் விற்ற உழைப்பு வீண்.

ஆகவே புகார் எழுதும் திறமையை விட பேக்கிங் மேஜைதான் முக்கியம். காலி மேஜையில் தொடங்கி ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள்: காரின் முன்பக்கம், பின்பக்கம், அட்டையின் மூலைகள், பிளிஸ்டர் ஒட்டின ஓரம், தராசு காட்டும் எடை, கடைசியில் கூரியர் லேபிளின் எண். நடுவில் வெட்டு விழுந்தால் அந்த வீடியோவுக்கு மதிப்புக் குறைவு. காரின் அடிப்பக்கம் தெரிந்தால், உற்பத்தியான ஆண்டையும் வாரத்தையும் காட்டும் சிறு குறியையும் படமெடுங்கள். அட்டையில் மட்டும் எதையும் எழுதிவிடாதீர்கள். சேகரிப்பாளருக்கு அட்டையும் சரக்குதான். பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிரித்தால் கிழியும் எண்ணிட்ட ஸ்டிக்கரை அந்த உறைமேல் ஒட்டுங்கள்.

எடையை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். பெட்டியின் எடைக்குச் சரியாக மண்ணை நிரப்பி அமேசானுக்கே திருப்பி அனுப்பியதாக ஸ்பெயினின் மயோர்காவில் ஓர் இளைஞர்மேல் 2019-ல் வழக்கு வந்தது.

ரிட்டர்ன் வந்தாலும் அதே ஒழுங்கு. கூரியர்காரர் அவசரப்படுத்துவார், பரவாயில்லை. பெட்டியின் ஆறு பக்கமும் டேப்பும் லேபிளும் தெரியக் காட்டிவிட்டு அப்புறம் பிரியுங்கள். மாறியிருந்தால் அன்றே இழப்பீட்டுக் கோரிக்கை போடுங்கள். அமேசானில் அதற்குப் பெயர் சேஃப்-டி, ஃபிளிப்கார்ட்டில் எஸ்.பி.எஃப். கெடு அவ்வப்போது மாறும், உங்கள் விற்பனைக் கணக்கிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்பச் செய்தால் காவல் நிலையத்தில் மனு கொடுக்கலாம். ஏமாற்றுதல் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ம் பிரிவில் வருகிறது.

விலை கூடின உருப்படியை, பார்சல் கைக்கு வந்தபின் பணம் தரும் சிஓடியில் விற்காதீர்கள். கதவு வரை போய் வாங்காமலே திரும்பும் பார்சலுக்குத்தான் ஆர்.டி.ஓ. என்று பெயர். அதில் திருட்டே நடக்காவிட்டாலும் அட்டையின் மூலை மடங்கியிருக்கும்.

இதற்காக ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று பெரிதாக எழுதிவைத்துத் தப்பிக்க முடியாது. பழுதானது, போலியானது, சொன்னபடி இல்லாதது, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தது என்றால் விற்பவர் திரும்ப எடுத்தே ஆக வேண்டும் என்கின்றன 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள். வாங்குபவர் எல்லாரையும் கள்ளனாகப் பார்த்தாலும் கடை ஓடாது.

நம்ம ஊர்க்காரருக்கு இன்னொன்று. கடற்காற்றின் ஈரம் அட்டையை மெல்ல வளைக்கும். ஆனி, ஆடி மழையில் இன்னும் மோசம். சரக்கைத் தரையில் அடுக்காமல் மூடியுள்ள டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வளைந்த அட்டையைக் காட்டி ஒருவர் பணம் கேட்டால், உங்கள் பேக்கிங் வீடியோவை முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள். அதிலும் அட்டை வளைந்திருந்தால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.