அடுக்களையில் உயிரியல்: பிளஸ் ஒன் மாணவர்களுக்கு 12 குறிப்புகள்

உயிரியல் என்றாலே உருப்போடும் பாடம் என்று பல பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். நீட் எழுதுகிறவர்களுக்கோ 720 மதிப்பெண்ணில் 360 இந்தப் பாடத்தில்தான். பிளஸ் ஒன் புத்தகத்தில் வரும் பல பொருள்கள் நம் அடுக்களையிலும் கொல்லையிலும் மீன் கூடையிலும் இருக்கின்றன. முதலில் பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள்; அதன் பெயரைப் பிறகு படியுங்கள். பெயர் தானாக மனதில் நிற்கும்.

1. அஞ்சறைப் பெட்டிக்கும் மளிகை டப்பாக்களுக்கும் அறிவியல் பெயர் எழுதி ஒட்டுங்கள். கடுகு – பிராசிகா ஜன்சியா, மிளகு – பைப்பர் நைக்ரம், மஞ்சள் – குர்குமா லாங்கா, இஞ்சி – ஜிஞ்சிபர் அஃபிசினாலே. ஆங்கில எழுத்தில் எழுதும்போது பேரினப் பெயரின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. கையால் எழுதினால் இரண்டு சொல்லுக்கும் தனித்தனியாக அடிக்கோடு போட வேண்டும். ஒரே கோடாக இழுக்கக் கூடாது.

2. காய்கறிப் பையைப் பிரித்ததும் தண்டு எது, வேர் எது என்று இரண்டு குவியலாகப் பிரியுங்கள். உருளைக்கிழங்கின் 'கண்' என்பது மொட்டு; அங்கிருந்துதான் முளை வரும். ஆகவே அது தண்டு. சர்க்கரைவள்ளியும் கேரட்டும் வேர். இஞ்சி, மஞ்சள் மட்டநிலத் தண்டு; சேனை, சேப்பங்கிழங்கு கந்தம்; வெங்காயம், பூண்டு குமிழம்.

3. சவ்வூடு பரவலுக்கு உலர்திராட்சை போதும். பத்துப் பழத்தை இரவில் தண்ணீரில் போட்டால் காலையில் உப்பியிருக்கும்: உட்சவ்வூடு பரவல். உப்பிய பழத்தைக் கெட்டியான சர்க்கரைப் பாகில் போட்டால் மறுபடி சுருங்கும்: வெளிச்சவ்வூடு பரவல். மாவடுவில் உப்புப் போட்டதும் தண்ணீர் விட்டு வடு சுருங்குவதும் இதனால்தான். வினாவில் எந்தக் கரைசல் அடர்வு மிக்கது என்று குழம்பினால் ஊறுகாய் ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

4. இரண்டு டம்ளரில் மண் நிரப்பி, ஒன்றில் பாசிப்பயறும் மற்றதில் கொண்டைக்கடலையும் ஊன்றுங்கள். பாசிப்பயறின் விதையிலைகள் மண்ணுக்கு மேலே வரும். அது தரைமேல் முளைத்தல். கொண்டைக்கடலையின் விதையிலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அது தரைகீழ் முளைத்தல். பக்கத்தில் ஒரு மக்காச்சோள விதையையும் ஊன்றினால் ஒருவிதையிலை, இருவிதையிலை வேறுபாட்டையும் சேர்த்துப் படித்துவிடலாம்.

5. ஒரு செம்பருத்தியையும் ஒரு சங்குப்பூவையும் பிரித்து, புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் என்ற வரிசையில் நோட்டில் செலோடேப் போட்டு ஒட்டுங்கள். செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒரே குழாயாக இணைந்திருக்கும்; ஒருகற்றை. சங்குப்பூவில் ஒன்பது இணைந்தும் ஒன்று தனித்தும் நிற்கும்; இருகற்றை. எண்ணிப் பார்த்த கை பரீட்சையில் தவறாது.

6. தேங்காய் உரிக்கும்போது அருகில் நில்லுங்கள். நார் என்பது கனியின் நடு உறை, சிரட்டை உள்ளுறை, நாம் துருவும் பருப்பு விதையின் கருவூண். இளநீரும் கருவூண்தான், அதில் உட்கருக்கள் செல்சுவர் இல்லாமல் மிதக்கின்றன. மாம்பழத்தில் நாம் தின்னும் சதை நடு உறை. இரண்டுமே உள்ளோட்டுச் சதைக்கனிகள்.

7. வடித்த கஞ்சியை நன்றாக நீர்த்து, ஆறியதும் இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் சிறிது உமிழ்நீர் கலந்து கால் மணி நேரம் விடுங்கள். பிறகு இரண்டிலும் ஒரு சொட்டு டிங்சர் அயோடின். உமிழ்நீர் இல்லாத கிண்ணம் கருநீலமாகும். மற்றதில் நிறம் குறைந்திருக்கும் அல்லது வராது. ஸ்டார்ச்சை அமைலேஸ் மால்ட்டோஸாக உடைத்துவிட்டது. முடிந்ததும் கொட்டிவிட்டுக் கிண்ணங்களைத் தேய்த்துக் கழுவுங்கள்.

8. மீன் வாங்கும் வீடுகளில் தலையை எறிவதற்கு முன் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். செவுள் சிவப்பாக இருந்தால் நல்ல மீன் என்று அம்மா சொல்வது, அங்கே ஓடும் இரத்த நுண்குழாய்களைப் பார்த்துத்தான். சுறா கிடைத்தால் ஒப்பிடுங்கள்: மூடி இருக்காது, செவுள் பிளவுகள் வெளியே தெரியும், எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு.

9. கறிக்கடையில் ஆட்டு இதயம் ஒன்றை வெட்டாமல் முழுதாகக் கேளுங்கள். நீளவாக்கில் அறுத்தால் இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிடத் தடிப்பாக இருப்பது பார்த்ததுமே தெரியும். வலது பக்கம் நுரையீரலுக்கு மட்டும் இரத்தம் அனுப்புகிறது. இடது பக்கம் உடம்பு முழுக்க அனுப்ப வேண்டும். வால்வுகளைப் பிடித்திருக்கும் வெள்ளை நரம்பு போன்ற இழைகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

10. செத்த கரப்பான் பூச்சியைப் பெருக்கித் தள்ளும் முன் ஒரு தாளில் மல்லாத்துங்கள். பின்முனையில் கணுக்கணுவான ஒரு ஜோடி நீட்சி ஆண், பெண் இரண்டிலும் உண்டு. அது ஏனல் செர்சி. அதற்குள்புறம் முள் போன்ற மெல்லிய ஒரு ஜோடி இருந்தால் அது ஏனல் ஸ்டைல், பூச்சி ஆண்.

11. கிரெப்ஸ் சுழற்சியைத் தரையில் சாக்பீஸால் பெரிய வட்டமாக வரையுங்கள். சிட்ரிக் அமிலத்தில் 6 கார்பன்; சுற்றிவரும்போது 5, பிறகு 4. கார்பன் குறையும் இரண்டு இடத்திலும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. என்ஏடிஎச் உருவாகும் இடத்தில் கொண்டைக்கடலை, எஃப்ஏடிஎச்2 இடத்தில் மொச்சை, ஏடிபி (ஜிடிபி) இடத்தில் துவரை வையுங்கள். ஒரு சுற்றுக்குக் கடலை 3, மொச்சை 1, துவரை 1 வர வேண்டும். ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சுற்று என்பதால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள்.

12. தினமும் படுக்கும் முன் புத்தகத்தை மூடிவைத்து, அன்று படித்த ஒரு படத்தை மட்டும் பென்சிலால் வரைந்து பாகம் குறியுங்கள். குறிப்புக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல், எல்லாம் வலது பக்கம் முடியட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனவற்றைச் சிவப்புப் பேனாவால் எழுதுங்கள். மறுநாள் காலையில் அந்தச் சிவப்பை மட்டும் படித்தால் போதும்.