ஆன்லைனில் விற்கும் நம் வீடுகளுக்கு: சரக்கின் விவரமும் வரிக் கணக்கும்



நம் அறக்கட்டளையிடம் தொழில் உதவி கேட்டு வருபவர்களில் இப்போது ஒரு புது வகையினர் சேர்ந்திருக்கிறார்கள். ஆன்லைனில் விற்று நட்டப்பட்டவர்கள். இவர்களுக்குச் சரக்கு போகாமல் நட்டம் வரவில்லை. சரக்கு போயிருக்கிறது, போன சரக்கு திரும்பி வந்திருக்கிறது, அதில்தான் கைமுதல் கரைந்திருக்கிறது. ஆகவே இந்த மாதப் பாடத்தை இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கோட்டைப்பட்டினம், மீமிசல் கடற்கரையிலிருந்து அறந்தாங்கி, அன்னவாசல் வரை நம் சகோதரிகள் பலர் வீட்டிலிருந்தபடியே விற்கிறார்கள். தைத்த புர்கா, மக்கனா, தொழுகை விரிப்பு, அத்தர், கருவாடு, ஊறுகாய், மசாலாப் பொடி, ஆதனக்கோட்டை முந்திரி என்று சரக்கு பலவிதம். சிலர் மீஷோ, அமேசான், ஃபிளிப்கார்ட் தளங்களில் கடை போட்டிருக்கிறார்கள். பலருக்கு வாட்ஸ்அப் குழுவும் இன்ஸ்டாகிராமுமே கடை. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய சகோதரர்களும் மனைவியோடு சேர்ந்து இதில் இறங்குகிறார்கள்.

பெண்கள் வியாபாரம் செய்யலாமா என்று இன்னும் கேட்பவர்கள் உண்டு. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகத்தை அறிந்த சமுதாயத்தில் இந்தக் கேள்வியே அதிகம். நம் மாவட்டத்துக்கு இது பழக்கமான கேள்வியும்கூட. 1990களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தபோது, பொம்பளைக்கு எதற்கு சைக்கிள் என்றுதான் கேட்டார்கள். பிறகு அந்தச் சைக்கிளில்தான் தண்ணீர்க் குடமும் காய்கறி மூட்டையும் பிள்ளைகளும் வந்தன. கேள்வி கேட்டவர்கள் வீட்டிலும் வந்தன.

இனி கணக்குக்கு வருவோம். உதாரணமாக ஒரு புர்காவை 600 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். துணியும் தையலும் 420 ரூபாய், கவரும் அட்டையும் 15 ரூபாய், தளத்தின் கட்டணமும் கூரியரும் சேர்த்து 60 ரூபாய். ஒன்றுக்கு 105 ரூபாய் நிற்கும். பத்து போனால் 1,050 ரூபாய். இதில் மூன்று திரும்பி வந்தால் என்ன ஆகும்? ஏழுக்கான லாபம் 735 ரூபாய். திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போக வரக் கூரியர் 130 ரூபாயும் கவர் 15 ரூபாயும் போனால் மூன்றுக்கு 435 ரூபாய். மிச்சம் 300. அந்த மூன்றில் ஒன்று கறை பட்டோ கிழிந்தோ வந்து விற்க முடியாமல் போனால் அதன் அடக்கம் 420 ரூபாய் போகிறது. பத்து புர்கா விற்றுக் கையிலிருந்து 120 ரூபாய் கொடுத்ததாக முடியும். தையல் மெஷினில் உட்கார்ந்த நேரத்தை இதில் கணக்கே எடுக்கவில்லை.

திரும்புவதில் இரண்டு வகை உண்டு. வாடிக்கையாளர் பார்சலை வாங்காமலே திருப்புவது ஒன்று, வாங்கிப் பிரித்துப் பார்த்துத் திருப்புவது இன்னொன்று. இரண்டுக்கும் கட்டணம் யார் தலையில் என்பது தளத்துக்குத் தளம் மாறும். கடை திறக்குமுன் அந்த விதியைப் படியுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் கல்லூரிக்குப் போகும் பிள்ளையைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

முதல் வகையை நம்மால் முழுவதும் தடுக்க முடியாது. இரண்டாவது வகை பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. படத்தில் கண்டது ஒன்று, பிரித்தபோது கண்டது வேறு என்பதால் திரும்புபவை அவை.

இந்த இடத்தில் நம் மார்க்கம் சொல்லும் வியாபாரச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்ட சம்பவம் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதே அவர்கள் கேட்டதன் கருத்து. நனைந்த தானியத்தை விற்பதை அவர்கள் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மறைத்ததைத்தான் கண்டித்தார்கள். ஆன்லைனில் வாங்குபவர் குவியலுக்குள் கை விட முடியாது. அவருக்காக நாமே கை விட்டு, ஈரம் இருந்தால் அதைப் படமாகப் போட வேண்டியிருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அங்குள்ளவர்கள் ஓராண்டு, ஈராண்டுக்குப் பிறகு கிடைக்கும் பேரீச்சம்பழத்துக்கு முன்பணம் கொடுத்து வாங்கும் வழக்கம் உடையவர்களாக இருந்தார்கள். அதை அவர்கள் அனுமதித்தார்கள். ஆனால் அளவு தெரிந்திருக்க வேண்டும், எடை தெரிந்திருக்க வேண்டும், தவணை தெரிந்திருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது வருகிறது. ஸலம் என்ற ஒப்பந்தத்துக்கு இதுவே அடிப்படை. இன்று தளங்கள் கேட்கும் விவரப் பட்டியலும் இதே மூன்றைத்தான் முதலில் கேட்கிறது.

நம் பகுதியில் இரண்டு மத்ஹபினரும் இருக்கிறோம். ஹனஃபி மத்ஹபில் பொருளைப் பார்க்காமல் வாங்குவது செல்லும். ஆனால் பார்த்ததும் வேண்டாம் என்று திருப்ப வாங்கியவருக்கு உரிமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் பலமான சொல்லில், பார்க்காத ஒரு குறிப்பிட்ட பொருளை விற்பதே கூடாது. தன்மைகளை முழுதும் சொல்லி, அப்படியே தருவதாகப் பொறுப்பேற்று விற்கும் ஸலம் கூடும். எந்த வழியில் போனாலும் விவரத்தை மறைக்க இடமில்லை.

நாட்டின் சட்டமும் ஏறத்தாழ அங்கேதான் வந்து நிற்கிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தாலோ விற்றவர் அதைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுக்களில் 'ரிட்டர்ன் கிடையாது' என்று போடும் சகோதரிகள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆகவே புர்காவுக்கு எம், எல், எக்ஸ்எல் என்று மட்டும் போடாதீர்கள். தோளிலிருந்து கீழ் வரை எத்தனை அங்குலம், மார்புச் சுற்று எத்தனை, கை நீளம் எத்தனை என்று டேப் வைத்து அளந்து எழுதுங்கள். துணி நிதாவா, கிரேப்பா, ஜார்ஜெட்டா என்பதைச் சொல்லுங்கள். படம் பகல் வெளிச்சத்தில் எடுத்ததாக இருக்கட்டும். டியூப்லைட்டில் கறுப்பும் கருநீலமும் ஒன்றுபோல் தெரியும். மணமோ உப்போ தூக்கலாக இருக்கும் கருவாட்டை அப்படியே சொல்லி விற்றால், அதையே விரும்பி வாங்குபவர் கிடைப்பார். பார்சல் கட்டும்போதும், திரும்பி வந்ததைப் பிரிக்கும்போதும் முகவரிச் சீட்டு தெரியும்படி செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். புதிதை அனுப்பிப் பழையதைத் திரும்பப் பெற்றவர்களுக்கு அந்த வீடியோதான் சாட்சி. புகார் கொடுக்கத் தளங்கள் சில நாள்களே தருகின்றன.

பெயரிலும் நேர்மை வேண்டும். பத்தமடைப் பாய் என்று போட்டால் வாங்குபவர் அந்த ஊர் லெப்பைக் குடும்பங்கள் கோரையில் நெய்ததை எதிர்பார்க்கிறார். அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. வேறு பாய்க்கு அந்தப் பெயரை வைப்பது ஹராமான ஏமாற்று, சட்டப்படி குற்றமும்கூட.

உணவுப் பொருள் விற்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு கட்டாயம். வீட்டுச் சமையலறையில் ஊறுகாய் போட்டு விற்றாலும் கட்டாயம்தான். பதிவெண் 14 இலக்கம், பாக்கெட்டில் அச்சிட வேண்டும். தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், ஆண்டு, வரிகள் உட்பட அதிகபட்ச விலை, புகாருக்கான தொலைபேசி எண் ஆகியவையும் பாக்கெட்டில் வேண்டும். நிகர எடை என்றால் பாக்கெட்டைக் கழித்த எடை. எடை குறைத்தவர்களைப் பற்றி ஒரு அத்தியாயமே இறங்கியிருக்கிறது என்பது நம் மதரஸாப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

இனி ரீசெல்லிங். வேறொருவரின் சரக்குப் படத்தை நம் குழுவில் போட்டு, நூறு ரூபாய் கூட்டி ஆர்டர் வாங்கி, பிறகு அங்கே ஆர்டர் போடுவது. முதல் இல்லாத தொழில் என்பதால் சகோதரிகள் அதிகம் பேர் செய்வது இதுதான். தன்னிடம் இல்லாத பொருளைக் கேட்டு வருபவருக்கு விற்றுவிட்டுப் பிறகு கடைவீதியில் வாங்கிக் கொடுக்கலாமா என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். திர்மிதி, அபூதாவூத் முதலிய தொகுப்புகளில் இது இருக்கிறது. அதற்காக இந்தத் தொழிலே மூடிப்போகவில்லை. சரக்குக்காரரிடம் இன்ன கமிஷன் என்று பேசிக்கொண்டு அவருடைய முகவராக விற்கலாம். அல்லது வாங்குபவரிடம் வாக்கு மட்டும் பெற்று, சரக்கை நம் கைக்கு வாங்கிப் பார்த்தபின் விற்கலாம். கைக்கு வந்து பார்த்து அனுப்பினால் திரும்பி வருவதும் குறையும். உங்கள் முறை எதில் சேரும் என்பதை உங்கள் பள்ளி ஹஜ்ரத்திடம் விவரமாகச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மச்சி, மாமி, சாச்சி என்று ஆளுக்கொரு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லும் பழக்கமும் பரவியிருக்கிறது. வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிக் கேட்டும் புகழ்ந்தும் பிறரை இழுப்பதற்கு நஜ்ஷ் என்று பெயர், அது தடுக்கப்பட்டது. மேலே சொன்ன 2020 விதிகளும், விற்பவரே வாடிக்கையாளர் போல விமர்சனம் எழுதக் கூடாது என்கின்றன.

வரி விஷயத்தில் பயம் அதிகம், விவரம் குறைவு. முன்பு ஆயிரம் ரூபாய்க்கு விற்றாலும் இந்தத் தளங்களில் ஜிஎஸ்டி பதிவு கேட்டார்கள். 2023 அக்டோபர் 1 முதல் அது தளர்ந்திருக்கிறது. பொருள் விற்பவரின் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரம்புக்குள் இருந்தால், பான் எண்ணையும் தொழில் முகவரியையும் ஜிஎஸ்டி தளத்தில் கொடுத்து ஒரு சேர்க்கை எண் பெற்றாலே போதும். கட்டணம் இல்லை. ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டுமே விற்கலாம். மேலப்பாளையத்துக்கும் வாணியம்பாடிக்கும் அனுப்பலாம், பெங்களூருக்கு அனுப்பக் கூடாது. பலர் தடுக்கி விழும் இடம் காரைக்கால். நமக்குப் பக்கத்து ஊர் போலத்தான், சொந்தபந்தமும் உண்டு. ஆனால் அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம், வரிக் கணக்கில் வெளி மாநிலம். தளத்தில் இல்லாமல் வாட்ஸ்அப்பில் விற்றாலும், வரிக்குரிய பொருளை வெளி மாநிலத்துக்கு விற்கப் பொதுவாகப் பதிவு தேவை. கைவினைப் பொருள்கள் சிலவற்றுக்கு மட்டும் சலுகை உண்டு.

பதிவு பெற்றவர்களுக்கு: 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு வரி 5 சதவீதம். முன்பு ஆயிரம் ரூபாயைத் தாண்டினாலே 12 சதவீதம் இருந்தது. வேலைப்பாடுள்ள புர்கா தைப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. வருமான வரியில், தனிநபரின் ஒரு ஆண்டுத் தள விற்பனை 5 லட்சம் வரை இருந்து பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால் தளம் எதையும் பிடிக்காது. அதற்கு மேல் போனால் 0.1 சதவீதம். 2025 ஏப்ரலில் அமேசான் 300 ரூபாய்க்குக் குறைந்த பொருள்கள் பலவற்றுக்குத் தன் கமிஷனை நீக்கியது. கமிஷன் இல்லை என்றால் கூரியர் கட்டணமும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் இலவசம். இதற்கு 1,500, 2,000 என்று வாங்கும் ஏஜென்டுகளிடம் போகாதீர்கள். மொத்தமாக வாங்குகிறேன், முன்பணம் அனுப்புகிறேன் என்று கியூஆர் குறியீடு அனுப்புபவர்களிடமும் எச்சரிக்கை தேவை. பணம் வாங்க பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. போடச் சொன்னால் அது உங்கள் பணத்தை எடுக்கத்தான். பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சரக்கை அனுப்பாமல் வங்கி இருப்பைப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்க வேண்டாம். உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

ஜகாத் பற்றியும் கேட்கிறார்கள். ஐம்பத்திரண்டரை தோலா, அதாவது சுமார் 612 கிராம் வெள்ளியின் மதிப்பை உங்கள் சொத்து எட்டி ஆண்டு முடிந்தால், விற்பனைக்கு வைத்திருக்கும் சரக்கை அன்றைய விற்பனை விலையில் மதிப்பிட்டு இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டும். தளத்திலிருந்து வரவேண்டிய நிலுவைப் பணத்தையும் சேர்க்க வேண்டும். தையல் மெஷினுக்கும் அலமாரிக்கும் ஜகாத் இல்லை.

சேர்க்கை எண், உத்யம், உணவுப் பதிவு ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்க நம் அறக்கட்டளை அலுவலகத்தில் சனிக்கிழமைகளில் அஸருக்குப் பின் இலவசமாக உதவுகிறோம். வருமுன் ஆதார், பான், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பாருங்கள். ஒன்றில் ஃபாத்திமா பீவி, இன்னொன்றில் பாத்திமா பீ, மூன்றாவதில் அத்தா இனிஷியலுக்குப் பதில் கணவர் இனிஷியல் என்று இருந்தால் தளம் ஏற்காது, வந்த பணமும் மாட்டிக்கொள்ளும். முதலில் அதைத் திருத்த வேண்டும். கணவர் கணக்கில் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காமல் உங்கள் பெயரிலேயே கணக்கு வையுங்கள், சம்பாத்தியம் உங்களுடையது. ஆதாருடன் இணைத்த செல்போனையும் கொண்டு வாருங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும்.