சாரலுக்கு உங்கள் ஜீப் தயாரா?

ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் இறங்கிவிட்டால் தென்காசிப் பக்கத்துத் தோப்புப் பாதையெல்லாம் சேறுதான். ஜீப் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய சின்னச் சின்ன ஏற்பாடுகள் இவை.

1. பழைய டியூபை இரண்டு விரல் அகல வளையங்களாக நறுக்கி, ஜாக்கியையும் வீல் ஸ்பானரையும் இறுகக் கட்டுங்கள். மேடுபள்ளத்தில் கடகடக்காது, நனைந்தாலும் கட்டு தளராது.

2. ஓர் அடிச் சதுரத்தில் கனமான பலகை ஒன்றை வண்டியில் போட்டு வையுங்கள். அடியில் கொடுத்துத் தூக்கினால் ஜாக்கி சேற்றில் புதையாது.

3. நாலு அங்குல பிவிசி குழாயின் ஒரு முனையில் மூடியை ஒட்டி, மறுமுனையில் திருகு மூடி போட்டு, பின் சீட்டுக்கு அடியில் கட்டுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ் காகிதங்கள் நனையாது.

4. கால்மிதியைத் தூக்கி, தரையிலுள்ள வடிகால் துளைகளைக் குச்சியால் குத்திவிடுங்கள். தேங்கும் தண்ணீர் தகரத்தைத் துருவாக்கிவிடும்.

5. பேட்டரி முனைகளைத் தேய்த்துத் துடைத்து, கவ்விகளை முடுக்கிய பிறகு வாசலின் பூசுங்கள். ஈரம் பட்டுப் பச்சை பூக்காது.

6. பின் சக்கரங்களுக்குப் பின்னால் தடித்த ரப்பர் ஷீட்டை, டயரில் உரசாதபடி தொங்கவிடுங்கள். அருவியில் குளித்துவிட்டு ஓரமாக நடந்து வருகிறவர்கள் மேல் சேறு அடிக்காது.

கவனம்: பெரிய டயர், பம்பருக்கு முன்னால் இரும்புச் சட்டம் போன்றவை வேண்டாம். கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை.