நூலகப் பதிவேட்டிலிருந்து ஒரு டேட்டாபேஸ்



நம் பிள்ளைகள் பலர் கல்லூரியில் டேட்டாபேஸ் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள். நார்மலைசேஷன் என்றால் என்ன என்று கேட்டால் முதல் வடிவம், இரண்டாம் வடிவம், மூன்றாம் வடிவம் என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். ஒரு கணக்கு நோட்டைக் கையில் கொடுத்து, "இதை டேட்டாபேஸ் ஆக்கு பார்க்கலாம்" என்றால் மட்டும் விழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். (தரவுத்தளம் என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் டேட்டாபேஸ் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.)

எனக்கு விஷயம் புரிந்தது மும்பைப் புறநகரில், ஒரு சங்கத்தின் சிறிய நூலகத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே புத்தகம் கொடுத்து வாங்கும் வேலை என்னுடையது. பழைய நீள நோட்டை யாரோ அப்படியே எக்செல்லில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு வரிக்கு ஓர் இரவல்: தேதி, உறுப்பினர் பெயர், முகவரி, தொலைபேசி, புத்தகம், ஆசிரியர், திரும்பிய தேதி. ஒவ்வொரு முறையும் முகவரி அடிக்கச் சோம்பல்பட்டு, அதே பெயர் மேலே எங்கே இருக்கிறதோ அங்கிருந்து நகல் எடுத்து ஒட்டிவிடுவோம்.

எங்களிடம் ஒரே பெயரும் ஒரே முன்னெழுத்தும் கொண்ட உறுப்பினர்கள் இருவர். ஒருவர் டோம்பிவிலிக்குக் குடிபோய்விட்டார். மற்றவர் காலமாகிவிட்டார். டோம்பிவிலிக்காரர் மூன்று புத்தகங்களைத் திருப்பவில்லை என்று நினைவூட்டுக் கடிதம் போட்டோம். அது காலமானவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிறு அந்த அம்மாள் இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அவர் வைத்திருந்த தமிழ்ப் புத்தகம் எல்லாம் இதில் இருக்கிறது. எது உங்களுடையது என்று எனக்குத் தெரியவில்லை, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்றில்கூடச் சங்க முத்திரை இல்லை.

அன்றிரவுதான் பாடப் புத்தகத்தை மறுபடியும் எடுத்தேன். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரிலேஷனல் டேட்டாபேஸ் எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். ஒவ்வொரு வரியையும் வேறெந்த வரியோடும் குழம்பாமல் காட்ட ஒரு சாவி வேண்டும் என்பது அதில் அடிப்படை. பெயர் அந்தச் சாவி ஆகாது. நம் பெயர்கள் நிச்சயம் ஆகா. தகப்பனார் பெயரை ஒருவர் முதலெழுத்தாக வைப்பார், வங்கிக்காரர் அதையே விரித்துக் குடும்பப் பெயராக எழுதிவிடுவார். ஆங்கிலத்தில் எழுதும்போது லட்சுமிக்கு ஒரு வீட்டில் கே-எஸ்-எச், இன்னொரு வீட்டில் எக்ஸ். ஆகவே உறுப்பினர் எண் என்று ஒன்று வேண்டும். தொலைபேசி எண்ணும் சாவி ஆகாது, அது மாறும்.

இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அலமாரியில் இருபது புத்தகங்கள், பக்கத்து வீட்டார் ஐந்தாறு பேர் போதும். முதலில் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். எங்கள் நோட்டைப் போல ஒரே அட்டவணையைத் தாளில் போட்டு மூன்று காரியம் செய்யுங்கள். ஒருவருடைய தொலைபேசி எண்ணை மாற்றுங்கள்: எத்தனை இடத்தில் அடித்து எழுத வேண்டியிருக்கிறது? இன்னும் யாரும் எடுக்காத புதுப் புத்தகத்தைச் சேருங்கள்: எந்த வரியில் எழுதுவீர்கள்? ஒரே ஒரு புத்தகம் எடுத்தவரின் வரியை அழியுங்கள்: அவரே காணாமல் போய்விட்டார் அல்லவா? நார்மலைசேஷன் என்பது இந்த மூன்று தொல்லைக்கும் மருந்து. தொல்லைப்பட்ட பிறகு மருந்தின் பெயர் மறக்காது.

இப்போது அட்டவணையைப் பிரியுங்கள். உறுப்பினர் ஒன்று, நூல் ஒன்று, இரவல் ஒன்று. இரவலில் பெயரோ முகவரியோ வேண்டாம், எண்கள் மட்டும் போதும். இங்கே எல்லோரும் ஓரிடத்தில் மாட்டிக்கொள்வார்கள். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம், உங்களிடம் இரண்டு செட் இருக்கிறது என்றால் அது ஒரு நூலா, ஐந்தா, பத்தா? வீட்டில் வாக்குவாதம் நடக்கட்டும், நல்லதுதான். எங்கள் முடிவு: பாகம் ஒவ்வொன்றும் ஒரு நூல். கையில் எடுத்துக் கொடுக்கும் பொருள் 'படி'. படிக்குத் தனி அட்டவணை, தனி எண். இரவல் போவது படிதான், நூல் அல்ல. ஆசிரியர்களுக்கும் தனி அட்டவணை வைத்தோம். சுஜாதாவும் எஸ். ரங்கராஜனும் ஒருவரே என்பதை அங்கே ஒரு முறை சொல்லிவிட்டால் போதும்.

அதன் பிறகு கம்ப்யூட்டர். எஸ்.க்யூ.லைட் இலவசம். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-இல் வெளியிட்டார். உங்கள் கைபேசிக்குள்ளும் அது இருக்கிறது. முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைல்தான். மூடிவிட்டு நகல் எடுத்து வைத்துக்கொண்டால் பிள்ளை எதைக் கெடுத்தாலும் பயமில்லை. கெடுக்கத்தான் வேண்டும்.

முதல் சோதனை: இல்லாத உறுப்பினர் எண் 999-க்கு ஒரு புத்தகத்தை இரவல் கொடுங்கள். அட்டவணையில் ஃபாரின் கீ எழுதியிருந்தும் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டால் திகைக்காதீர்கள். கட்டளை வரியில் எஸ்.க்யூ.லைட் இந்தக் காவலைத் தானாகப் போடாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஃபாரின் கீஸ் பிராக்மாவை ஆன் செய்ய வேண்டும். செய்துவிட்டு மறுபடி முயலுங்கள், மறுத்துவிடும்.

இரண்டாவது: தொலைபேசிக் கட்டத்தை முழு எண் என்று அறிவித்து, 022 என்று தொடங்கும் மும்பை எண்ணைப் போடுங்கள். முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். கூட்டிக் கழிக்காத எண் எண்ணே அல்ல, எழுத்து.

மூன்றாவது: திரும்பி வராத புத்தகங்களைக் கேளுங்கள். திரும்பிய தேதி காலியாக, அதாவது நல் ஆக இருக்கும். சமக் குறி போட்டு நல் என்று கேட்டால் தவறு என்றும் சொல்லாது, ஒரு வரியும் தராது. 'இஸ் நல்' என்று கேட்க வேண்டும். எல்லாம் திரும்பிவிட்டன என்று நான் ஒரு மாதம் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

தமிழில் தலைப்புகளை ஏற்றினால் இன்னொரு வேடிக்கை. அகர வரிசை கேட்டால் 'அமுதம்' முன்னால் வரும், 'அம்மா' பின்னால் போகும். யூனிகோடில் புள்ளியின் எண் உகரக் குறியின் எண்ணைவிடப் பெரியது, எஸ்.க்யூ.லைட் அந்த எண்ணைப் பார்த்தே அடுக்குகிறது. 'வ' 'ழ'வுக்குப் பின்னால் நிற்பதும் இதனால்தான். தமிழ் வகுப்புக்குப் போகும் குழந்தையிடம் பட்டியலைக் காட்டினால் உடனே கண்டுபிடித்துவிடும்.

காலமானவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் வரியை நாங்கள் அழிக்கவில்லை. அழித்தால் அவர் பதினெட்டு ஆண்டு எடுத்த இரவல்கள் யாருடையவை என்று தெரியாமல் தொங்கும். உறுப்பினர் அட்டவணையில் 'நிலை' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். நடப்பு உறுப்பினர்களுக்கு மட்டுமே கடிதப் பட்டியல் வரும். அந்த அம்மாளுக்குப் புது எண் கொடுத்தோம். இப்போது அவர் பெயரில் இரண்டு புத்தகங்கள் இரவலில் இருக்கின்றன.

அடுத்த ஞாயிற்றுக்குள் ஒரு பயிற்சி. ஒரு படி திரும்பி வராமலே இன்னொருவருக்கு இரவல் போகக் கூடாது. அதை நாம் கவனிக்காமல் டேட்டாபேஸே தடுக்க வேண்டும். ஒரு குறிப்பு மட்டும் சொல்கிறேன்: எஸ்.க்யூ.லைட்டில் யுனிக் இன்டெக்ஸ் போடும்போது கடைசியில் 'வேர்' என்று ஒரு நிபந்தனையும் சேர்க்கலாம்.