மஜ்ஜைக்குப் போகும் கட்டளை

அன்புள்ள கயல்விழிக்கு,

சிறுநீரகம் பழுதானவருக்கு ரத்தம் ஏன் குறைகிறது என்று கேட்டிருந்தாய். நர்சிங் முதலாண்டிலேயே உனக்கு இப்படிக் கேட்கத் தோன்றியதில் எனக்குப் பெருமை.

ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து, எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பது சிறுநீரகம்தான். அந்தக் கட்டளை வந்தால்தான் எலும்பு மஜ்ஜை போதிய சிவப்பணுக்களை உண்டாக்கும். டயாலிசிஸ் கழிவை நீக்குமே தவிர, இந்த ஹார்மோனைத் தராது. அதனால் ஒருகாலத்தில் நோயாளிகள் அடுத்தடுத்து ரத்தம் ஏற்றிக்கொண்டார்கள். கூடவே கல்லீரலில் இரும்பு படிந்தது. மஞ்சள்காமாலைக் கிருமிகளும் தொற்றின.

அந்த ஹார்மோனைப் பிரித்தெடுக்கச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் கோல்ட்வாசர் 1955-இல் இறங்கினார். இருபது ஆண்டுகள் ஆகியும் அது கைக்கு வந்தபாடில்லை. உதவிக்கு வந்தவர் ஜப்பானின் தகாஜி மியாக்கே. மஜ்ஜை செயலிழந்த ரத்தசோகை நோயாளிகளின் சிறுநீரில் இந்த ஹார்மோன் மிகுந்திருக்கும். உடல் ஓயாமல் கட்டளையிடுகிறது. நிறைவேற்ற மஜ்ஜையால் முடிவதில்லை. அவர்களிடம் சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீரைச் செறிவாக்கி, உலர்த்தி, மியாக்கே சிகாகோவுக்குக் கொண்டுபோனார். 1977-இல் அதிலிருந்து தேறிய தூய ஹார்மோன் சில மில்லிகிராம்தான். விஞ்ஞானிகளைப் போற்றும்போது பெயர் தெரியாத அந்த நோயாளிகளையும் சேர்த்தே போற்ற வேண்டும் என்பேன்.

1983-இல் ஆம்ஜென் நிறுவனத்தின் ஃபூ-குவென் லின் இதன் மரபணுவைக் கண்டெடுத்தார். அதைக் கொண்டு தயாரித்த மருந்துக்கு 1989-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதேபோல் மஜ்ஜைக்குக் கட்டளையிட்டு வெள்ளணுக்களைப் பெருக்கும் ஃபில்கிராஸ்டிம் என்ற மருந்து 1991-இல் வந்தது. கீமோதெரபிக்குப் பின் அதைப் போட்டுக்கொண்டவர் எலும்பு வலிக்கிறது என்றால் காதுகொடுத்துக் கேள். பெரும்பாலும் அது மஜ்ஜை மும்முரமாக வேலை செய்வதால் வரும் வலி.

இனி வார்டில் உனக்கு உதவுவதைச் சொல்கிறேன். எரித்ரோபொய்டின் ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையா? இரும்புச்சத்து போதுமா என்று டாக்டரிடம் கேள். மாவு இல்லாமல் தோசைக்கல்லைக் காயவைத்து என்ன பயன்? ஏற ஏற நல்லது என்றும் நினைத்துவிடாதே. சர்க்கரை நோயும் சிறுநீரகப் பாதிப்பும் உள்ளவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. ஹீமோகுளோபினை 13-க்கு உயர்த்த இந்த வகை மருந்தைப் பெற்றவர்களிடம் பக்கவாதம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அதனால்தான் இன்று மருத்துவர்கள் அதற்குக் கீழேயே நிறுத்திக்கொள்கிறார்கள்.

மருந்துக் குப்பியை ஃப்ரிட்ஜில் வை, உறையவிடாதே. குலுக்கவும் கூடாது, புரதம் கெட்டுவிடும். இந்த ஊசி ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. எத்தனை அவசரமானாலும் பி.பி. பார்க்காமல் போடாதே.

அன்புடன்,
சித்தப்பா